தட்டான் இறக்கைக்கு ஒரு வெள்ளி உரு

1

போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் என் சித்தி மகள் அமலி. நான் சிங்கப்பூர் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இது அவளுடைய இரண்டாவது கடிதம். முதலாவது என் அம்மா இறந்த செய்தியோடு வந்தது. இது எதற்கு வந்தது தெரியுமா?

"அக்கா, உனக்குச் சம்மனசு இறக்கை இருப்பதாக இங்கே நம் கோயில் பங்கு முழுக்கப் பேச்சு. பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் என்னிடம்தான் விசாரிக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று நீ ஒரு செபமாலை சொன்னால் போதும். நீ கேட்டு மாதா மறுக்கவா போகிறாள்?"

அடி அமலி! ஒன்பது வயதில் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று தெருவே சேர்ந்து என்னை அந்தோனியார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனபோது என் சடையைப் பிடித்திருந்தது உன் அம்மாதானே? அன்றைக்குப் பேய், இன்றைக்குச் சம்மனசா? கப்பல் ஏறினால் பேய்க்குக்கூடப் பதவி உயர்வு உண்டு போலிருக்கிறது.

ஆகவே இதை எழுதி, ஊருக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பங்கு மலர் பத்திரிகையில் இடமிருந்தால் போடுங்கள், இல்லையென்றால் கோயில் வாசலில் ஒட்டுங்கள். எனக்கு இருப்பது தேவதூதர் இறக்கை இல்லை, தட்டான் இறக்கை. தட்டாரப்பூச்சி என்பீர்களே, மழைக்கு முன்னால் தாழப் பறக்குமே, அது. நான்கு இறக்கை. அவற்றில் இறகு கிடையாது, ஒளி வட்டம் கிடையாது, யாருடைய வீட்டுக்காரருக்கும் வேலை வாங்கித் தரவும் தெரியாது.

2

இறக்கை கண்ணாடியில் தெரியாது. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், எனக்குப் புத்தி பிசகவில்லை. என் முதுகைத் தடவினால் எலும்பும் தோலும்தான் தட்டுப்படும். ஆனாலும் அவை அங்கே இருக்கின்றன. தோள்பட்டை எலும்பின் ஓரத்தில், பக்கத்துக்கு இரண்டாக முளைத்து, கையை விரித்தால் மணிக்கட்டு எட்டும் இடம்வரை போகின்றன. யாராவது பின்னால் உரசிக்கொண்டு போனால் கூசுகிறது. கதவில் இடித்தால் கண்ணில் நீர் வருகிறது. வண்ணத்துப்பூச்சி இறக்கையை மடித்துக்கொள்ளும். தட்டானுக்கு மடக்கத் தெரியாது. நீட்டியது நீட்டியபடிதான். குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறேன், நினைவு தெரிந்த நாளிலிருந்து.

என் கணவர் அருளப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், இந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்கு நடுவே ஒரு 'லா' போடுவார். அவருடைய கூட்டாளி ஒஸ்மானுக்கு ஒரு விபத்தில் இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. போன கையின் சுண்டுவிரல் இன்னும் அரிக்கிறது என்று ஒஸ்மான் சொன்னால் என் கணவருக்குக் கண் கலங்கிவிடும். நான் ஒருநாள் கேட்டேன்.

"இல்லாத விரல் அவருக்கு அரிக்கலாம், இல்லாத இறக்கை எனக்கு வலிக்கக் கூடாதாங்க?"

"அவனுக்குக் கை இருந்துச்சு, போச்சு. உனக்கு இறக்கை எப்ப லா இருந்துச்சு, சொல்லு பார்ப்போம்?"

எனக்கென்னவோ இந்தக் கைகால்கள்தான் யாரோ இரவல் கொடுத்தவை என்று தோன்றும். உள்ளுக்குள் நான் தட்டான். நினைத்துப் பார்த்து ஆசைப்பட்டு ஆனதில்லை. நீங்கள் எல்லாரும் ஆசைப்பட்டா மனுஷர் ஆனீர்கள்?

ஊரில் குளத்தங்கரைப் பையன்கள் தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டிக் கல்லைத் தூக்கவிடுவார்கள். எல்லாருக்கும் வேடிக்கை. எனக்கு முதுகு பிய்ந்துகொண்டு போகும். தரையில் விழுந்து கத்துவேன். கடைசியில் ஒருநாள் அம்மாவிடம் காரணத்தைச் சொன்னேன். விளைவு, ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில். கொடிமரத்தடியில் நிற்கவைத்து, முடியை அவிழ்த்து, "யாரு நீ? பேரைச் சொல்லு" என்றார்கள். "தட்டான்" என்றேன். அதற்கும் அடி விழுந்தது. ஒன்பதாவது செவ்வாய்க்கிழமை எனக்கு விவரம் வந்துவிட்டது. "போயிடுச்சு" என்றேன். அம்மா அழுதுகொண்டே கோயில் வாசலில் பதின்மூன்று பேருக்குச் சாப்பாடு போட்டாள்.

சிங்கப்பூர் மாப்பிள்ளை என்று வந்ததும் வீட்டில் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கடல் தாண்டிப் போனால் கேள்வி கேட்க ஆளிருக்காது. கல்யாணப் போட்டோவுக்கு நிற்கும்போது அம்மா என் காதில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அங்க போயி அந்தப் பேச்சை எடுத்துராத."

3

எடுக்கவில்லை, ஒரு வருஷம். அடுக்குமாடி வீட்டின் பத்தாவது மாடி. சிராங்கூன் ரோட்டிலிருந்து நடக்கிற தூரம். லிஃப்டில் ஆட்கள் நிறைந்திருந்தால் அடுத்ததற்குக் காத்திருப்பேன். பஸ்ஸில் இடம் இருந்தாலும் பின்கதவுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். கொசுப்புகை அடிக்க வருகிற நாளில் நாலு ஜன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளே கிடப்பேன். காலையில் நடைபாதையில் வெயில் விழும் இடத்தில் நின்று தோள்பட்டையை நடுக்கி நடுக்கி இறக்கையைச் சூடேற்றுவேன். தட்டான் அப்படித்தான் செய்யும். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி அது ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்து, தானும் என் பக்கத்தில் நின்று தோளை ஆட்டுவாள். பாவம், இந்த ஊரில் என்னோடு சேர்ந்து இறக்கை நடுக்கிய ஒரே ஆள் அவள்தான்.

அப்புறம் ரெஜினா பிறந்தாள். என் மகளிடம் நான் எதையும் விளக்கவில்லை. மூன்று வயதில் அவளே கேட்டாள், "அம்மா, உங்க பின்னால என்ன இருக்கு?" என்று. நான் ஈரத்துணியால் முதுகுக்குப் பின்னால் காற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சொன்னேன். குழந்தை கண்ணை விரித்து, "ட்ராகன்ஃப்ளையா?" என்றாள். அன்றிலிருந்து அந்த வேலை அவளுடையது.

அந்தப் பிள்ளை செய்த மாதிரி யாரும் செய்ய முடியாது. மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, முளைக்கும் இடத்திலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் நரம்பு கிழியும். நுனியில் ஒரு கருத்த பொட்டு இருக்கும், அங்கே அழுத்தக் கூடாது. துடைத்து முடித்ததும் காற்றாடியைக் குறைந்த வேகத்தில் வைத்துப் பின்னாலிருந்து உலர்த்த வேண்டும். எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று நான் கேட்டதே இல்லை. அவள் கை எங்கே இறக்கை முடிகிறதோ அங்கே நின்றது. அது போதாதா எனக்கு?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கிராஞ்சிக்குப் போவோம். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். பண்ணைகளுக்கு நடுவே மீன் குட்டைகள், அவற்றின் மேலே சிவப்பும் பச்சையுமாகத் தட்டான்கள். "அம்மா, உங்க ஆளுங்க வந்துட்டாங்க!" என்று கத்துவாள். நான் குட்டை ஓரத்தில் நின்று நன்றாக அழுதுவிட்டு வருவேன். சந்தோஷத்தில்தான். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. உலகத்தில் ஒருத்திக்கு நான் என்னவென்று தெரிந்திருக்கிறது, அவள் என் வயிற்றில் பிறந்தவள், அவள் கடைசிவரை மறக்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் பேராசை.

4

ரெஜினா பள்ளிக்கூடம் போனதும் நான் வேலைக்குப் போனேன். ரேடியோவுக்குள் இருக்கும் பச்சைப் பலகையில் ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டுகிற தொழிற்சாலை. எட்டு மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்து வேலை. முக்காலிக்கு முதுகுச் சாய்ப்பு இல்லை. அதனால்தான் அந்த வேலையை ஒத்துக்கொண்டேன். மூன்று வருஷத்தில் முக்காலிகளை எடுத்துவிட்டு உயரமான சாய்ப்பு வைத்த நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து முடுக்கிவிட்டார்கள். எல்லாப் பெண்களும் கைதட்டினார்கள். நான் உட்கார்ந்ததும் பின்னிறக்கை இரண்டும் நெரிந்தன.

பழைய முக்காலியே வேண்டும் என்று கேட்டேன். மேற்பார்வை பார்க்கிற சீனப் பெண்மணி ஒரு தாளை நீட்டினாள். பெயர், அடையாள அட்டை எண், கோரிக்கை, காரணம். இந்த ஊரில் மூச்சு விடுவதற்கும் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். எனக்கு ஆங்கிலம் காது அளவுக்குத்தான், கைக்கு வராது. வீட்டுக்குக் கொண்டுவந்து ரெஜினாவிடம் கொடுத்தேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. காரணம் என்ற கட்டத்தில் உருட்டி உருட்டி எழுதினாள்: என் அம்மாவுக்குத் தட்டான் இறக்கை இருக்கிறது, சாய்ந்தால் உடைந்துவிடும், தயவுசெய்து முக்காலி கொடுங்கள். பக்கத்தில் ஒரு படம் வேறு.

மறுநாள் மத்தியானத்துக்குள் அந்தத் தாள் சாப்பாட்டுக் கூடத்து அறிவிப்புப் பலகையில் குத்தப்பட்டிருந்தது. யார் குத்தினார்கள் என்று தெரியவில்லை. ஒரு வாரம் நான் கடந்து போகும்போதெல்லாம் வாயால் ரீங்காரம் செய்தார்கள். தமிழ்ப் பெண்கள்தான் முதலில் ஆரம்பித்தார்கள், அதையும் எழுதத்தான் வேண்டும். ரெஜினாவிடம் "முக்காலி குடுத்துட்டாங்கடா" என்று பொய் சொன்னேன். நாற்காலியின் நுனியில் முதுகு படாமல் தொற்றிக்கொண்டு இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். வலது பின்னிறக்கை அப்படியும் நைந்து போயிற்று. ராத்திரி என்றில்லை பகல் என்றில்லை, வலி.

5

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்து என் கணவருக்கு ஒருநாள் மனம் இளகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவாமலேயே சொன்னார்:

"ஸ்டெல்லா, மாதாவுக்குப் பொருத்தனை பண்ணியிருக்கேன். உனக்காக இறக்கை உரு வாங்கிப் போடறேன்னு."

என் காதையே நான் நம்பவில்லை. நம் ஜனங்களுக்கு உருவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கண்ணில் கோளாறு என்றால் வெள்ளியில் கண், காலில் என்றால் கால், எந்த உறுப்பு சுகப்பட வேண்டுமோ அதை அடித்துக் கொண்டுபோய்க் கோயிலில் வைப்போம். இறக்கை உரு என்றால் என்ன அர்த்தம்? கண் மாதிரி, கால் மாதிரி, இறக்கையும் எனக்கு ஓர் உறுப்பு என்று என் புருஷன் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து! அடுக்களைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மீன் துண்டு பெரியதாகப் பார்த்து இன்னொன்று எடுத்துவந்து அவர் தட்டில் வைத்தேன்.

சிராங்கூன் ரோட்டில் எங்களுக்குப் பழக்கமான நகைப் பத்தர் கடை. திருநீறு பூசிய வயதான மனிதர். அவரிடம் இவர் போய், "கோயிலுக்கு இறக்கை உரு ஒரு ஜோடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மாதா திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் வாங்கிவர நான்தான் போனேன். பத்தர் செவ்வந்திக் கலர் தாளைப் பிரித்துக் காட்டினார். பளபளவென்று இரண்டு இறக்கை. வரிசை வரிசையாக இறகு, ஓரத்தில் சுருள் வேறு. புறா இறக்கை!

"என்ன பத்தரே இது?"

"ஏம்மா, நல்லா இல்லையா? உங்க சாமி காலண்டர் ஒண்ணு வச்சுத்தான் அடிச்சேன். கிறிஸ்துவங்க வீட்டுல இறக்கைன்னா தேவதை இறக்கைதானே?"

"இது தட்டானுக்குப் பத்தரே. நாலு இருக்கணும். கண்ணாடி மாதிரி, நரம்பு நரம்பா."

மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தட்டானா? பூச்சிக்கா உரு போடறீங்க? கோயில்ல வைப்பாங்களா அதை? நாளைக்குத் திருவிழாங்கறீங்க, இனிமே அடிச்சுக் குடுக்க நேரமும் இல்லம்மா. கொண்டுபோய் வைங்க, உங்க மாதாவுக்குத் தெரியாதா எதுன்னு?"

மாதாவுக்குத் தெரியும் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டு வாங்கி வந்தேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான். மாதாவுக்குத் தெரிந்திருக்கும், பங்குக்கு எப்படித் தெரியும்?

6

எங்கள் பங்கில் தமிழ்க் குடும்பங்கள் அதிகமில்லை. திருவிழா அன்று காணிக்கைத் தட்டில் கண்ணும் காலும் கையும் குழந்தையுமாக உருக்கள் கிடக்கின்றன; நடுவே ஒரு ஜோடி வெள்ளி இறக்கை. விடுவார்களா? யாருடையது, எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். என் கணவருக்குச் சபை நடுவில் தட்டான் என்று சொல்ல வாய் வரவில்லை. "என் வீட்டுக்காரிக்கு முதுகுல இறக்கை இருக்கற மாதிரி ஒரு இது" என்றிருக்கிறார். பூசை முடிந்து தேங்காய்ச் சாதப் பொட்டலம் கொடுத்து முடிப்பதற்குள் நான் சம்மனசு ஆகிவிட்டேன். சாமியார் பிரசங்கத்தில் வானதூதர் என்று திருத்தமாகச் சொல்லுவார். நம் ஆட்களுக்கு எப்போதும் சம்மனசுதான்.

முதலில் வந்தது லூர்து அக்கா. பங்கில் பெண்கள் சபைக்கு அவர்தான் தலைவி. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஸ்டெல்லா, எங்க வீட்டுல பாசிர் ரிஸ்ல கவர்மெண்ட் வீடு கேட்டு எழுதிப் போட்டிருக்காங்க. நடு மாடியா, நல்ல காத்தோட்டமா கிடைக்கணும். நீ கொஞ்சம் வேண்டிக்கோம்மா."

"அக்கா, எனக்கிருக்கறது தட்டான் இறக்கைக்கா. பூச்சி. சம்மனசெல்லாம் இல்ல."

அக்கா சுற்றி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "பார்த்தீங்களா தாழ்ச்சிய! பூச்சிங்குது தன்னை. புழுன்னு சொல்லலையே, அதுவரைக்கும் சந்தோஷம்." எல்லாரும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

நான் மறுக்க மறுக்க என் தாழ்ச்சி வளர்ந்தது. கோபப்பட்டுக் கத்தினால் புனிதக் கோபம். பேசாமல் இருந்தால் தியானம். என்ன ஜனங்களப்பா! ஊரில் பேய் என்று அடித்தபோதாவது "தட்டான்" என்று நான் சொன்னது காதில் விழுந்தது. இங்கே அதுவும் விழவில்லை.

வீட்டுக்கு வந்து அருளப்பனைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க போய் எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லுங்க."

"எதுக்கு? நல்லாத்தானே பேசறாங்க. இவ்வளவு நாள் என்னை யாரு மதிச்சா? இப்ப முதல் பெஞ்சுல இடம் போடறான்."

"சரி, அது கிடக்கட்டும். மாதாகிட்ட என்னன்னு வேண்டிக்கிட்டீங்க? அதையாவது சொல்லுங்க."

அவர் வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"போயிடணும்னுதான். வேற என்னத்த வேண்டுவேன்? உனக்கு அது இல்லாமப் போயிட்டா நிம்மதி லா."

"கண் உரு போடறவன் கண்ணு போகணும்னா வேண்டிக்குவான்? அட, படுபாவி மனுஷா!" என்று கத்திவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவரை நான் ஒருமையில் பேசியது அன்று ஒருநாள்தான்.

ஆனால் என்னை வீழ்த்தியது அவரில்லை. ரெஜினா. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அவளுக்குத் திடீரென்று மதிப்பு. சிஸ்டர் அவளைக் கூப்பிட்டுப் படம் கொடுக்கிறார். கூடப் படிக்கிற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார இடம் பிடிக்கின்றன. கிறிஸ்துமஸ் நாடகத்தில் தலைமைச் சம்மனசு வேஷம் அவளுக்கு. கிராஞ்சிக்குப் போகலாமா என்று கேட்டேன். "ஸ்மெல்லி லா அம்மா, சேறு. பிராக்டிஸ் இருக்கு" என்றாள். துணியை நனைத்து எடுத்து வந்து நின்றால், "ஹோம்வர்க்மா" என்பாள். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான் என்று விட்டுவிட்டேன். நாடகத்துக்கு நான்கு நாள் முன்னால் மட்டும், நான் சிஸ்டரிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று தெரிந்ததும், கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ப்ளீஸ்மா, சொல்லாதீங்க. ஏஞ்சல்னா என்ன போச்சு உங்களுக்கு? இன்செக்ட்னு தெரிஞ்சா என்னைக் கரப்பான்பூச்சின்னு கூப்பிடுவாங்க. நீங்க ஸ்கூல்ல இருக்கப் போறீங்களா? நான்தானே இருக்கணும்?"

"உனக்குத் தெரியும்லடா அது என்னன்னு?"

"அப்ப நான் சின்னப் பிள்ளை."

அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். நாடகத்தில் அட்டையில் வெள்ளைத் தாள் ஒட்டிய பெரிய இறக்கையோடு அவள் மேடையேறியபோது மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. நானும் தட்டினேன். அதற்குப் பிறகு யாரிடமும் தட்டான் என்ற பேச்சை எடுக்கவில்லை. லூர்து அக்காவுக்கு ஐந்தாவது மாடி கிடைத்தது. ஒரு கூடை ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அந்தச் செய்திதான் யாரோ மூலமாகத் திண்டுக்கல்வரை போயிருக்கிறது.

7

இந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் வலது பின்னிறக்கையில் வலி நின்றது. முதலில் மாதாவே என்று நிம்மதியாக இருந்தது. இரண்டு வாரத்தில் புரிந்தது: கூசவும் இல்லை. காற்றாடிக்கு முன்னால் நின்றால் மூன்று இறக்கைக்குக் காற்று தெரிகிறது, நான்காவதற்குத் தெரியவில்லை. மாதம் முடிவதற்குள் முன்னிறக்கையும் நுனியிலிருந்து மரத்துக்கொண்டே வந்தது. அருளப்பனின் பொருத்தனை பலிக்கிறது என்று தோன்றியது. இவ்வளவு நாள் யாரும் நம்பாதது எனக்கு வருத்தம். இப்போது அதுவே இல்லாமல் போகப்போகிறது. அது போய்விட்டால் மீதி இருக்கிற இந்தப் பொம்பளை யார்? அவளை எனக்குத் தெரியாது.

அரசாங்கக் கிளினிக்குக்குப் போவதென்று முடிவு செய்தேன். ஒஸ்மானின் இல்லாத விரலுக்கு மாத்திரை கொடுத்தது டாக்டர்தானே, என் இறக்கைக்கும் ஒரு வழி சொல்லட்டும். என் ஆங்கிலத்தை நம்பி இந்த விஷயத்தைச் சொல்ல முடியாது. பள்ளி விடுமுறை, ரெஜினாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம். அவள் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவளுக்கல்ல, எனக்குத்தான் பயம்.

இளம் டாக்டர், சீனப் பையன், களைத்துப் போயிருந்தான். என்ன செய்கிறது என்று கேட்டான். நான் ரெஜினாவைப் பார்த்துத் தமிழில் நிதானமாகச் சொன்னேன். மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"என் முதுகுல நாலு தட்டான் இறக்கை இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, ஆனா பிறந்ததிலேருந்து உணர்ச்சி இருக்கு. இப்ப வலது பக்கம் ரெண்டும் மரத்துப் போச்சு. அது செத்துக்கிட்டிருக்கா, காப்பாத்த முடியுமா? இதை அப்படியே சொல்லுடா."

ரெஜினா என்னைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். கழுத்திலிருந்த மாதா பதக்கத்தைச் சட்டைக்குள் தள்ளிவிட்டாள்.

"மை மதர் செய்ஸ் பேக் பெய்ன், டாக்டர்."

"ஹவ் லாங்?"

"டூ மன்த்ஸ்."

பன்னிரண்டு வருஷம் இந்த ஊரில் இருந்தவளுக்கு இது புரியாதா? அவளுக்கும் தெரியும் எனக்குப் புரியும் என்று. அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள், காதுமடல் சிவந்திருந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தி, செவிடர்களிடம் பேசுகிற மாதிரி கேட்டான்.

"ஆன்ட்டி, பேக் பெய்ன் ஆ?"

என் வாயில் ஆங்கிலம் இருந்தது. ட்ராகன்ஃப்ளை என்ற வார்த்தை இருந்தது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்தப் பிள்ளைதான். விங்க்ஸ் இருந்தது. நான் ரெஜினாவின் காதையே பார்த்தேன்.

"யெஸ் டாக்டர்," என்றேன். "பேக் பெய்ன்."

அவன் மருந்துப் பிளாஸ்திரி எழுதிக் கொடுத்தான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ரெஜினா பையை என்னிடமிருந்து வாங்கித் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் மருந்துப் பிளாஸ்திரியை அவளே பிரித்தாள். "திரும்புங்கம்மா" என்றாள். சட்டையை விலக்கி, வலது தோள்பட்டை எலும்பின் ஓரத்தில், சரியாக இறக்கை இரண்டும் முளைக்கிற இடத்தில், ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டினாள். உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்தினாள். அவ்வளவு பிரியமாக அவள் என்னைத் தொட்டு ஒரு வருஷம் இருக்கும்.

"வலிக்குதாம்மா?"

வலிக்கவில்லை. காலையிலிருந்து நான் சொல்ல வந்தது அதைத்தான்.